உணர்வை அளக்கும் கோல்

முன்னுரை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் கலங்கி நிற்கும் உறவினர் மருத்துவரிடம் முதலில் கேட்கும் வினா, "நினைவு இருக்கிறதா?" என்பதே. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. 'நான் இருக்கிறேன்' என்று தன்னைத் தானே உணரும் அவ்வுணர்வை அளக்கும் கோல் யாது? இவ்வினா அறிவியலார்க்கு மட்டுமன்றித் தமிழ் பயில்வோர்க்கும் உரியது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ப்பாடும் மதிப்பெண்ணும்

ஒருவரது உள்ளத்து உணர்வைப் பிறர் நேரே காண இயலாது. அது கண்ணீராகவும் வியர்வையாகவும் மயிர்ச்சிலிர்ப்பாகவும் உடலில் வெளிப்படும்பொழுதே காண்போர் அதனை உய்த்துணர்கின்றனர். இவ்வெளிப்பாட்டை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, நகை முதல் உவகை ஈறாக எட்டாகப் பகுத்தார் தொல்காப்பியர். ஆயினும், மெய்ப்பாடு உணர்வின் அடையாளமேயன்றி உணர்வாகாது. அழாதவனெல்லாம் துயரற்றவன் அல்லன்.

மருத்துவர்கள் இன்று கையாளும் கிளாஸ்கோ கோமா அளவையும் இத்தகையதே. டீஸ்டேல், ஜென்னெட் என்னும் அறிஞர் இருவர் 1974இல் இதனை வெளியிட்டனர். இன்று வழங்கும் வடிவில், கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உச்ச அளவு 15 ஆகும். யாதொரு மறுமொழியும் இல்லையெனில் 3. உயிர் காக்கும் பணியில் இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. எனினும், இது அளப்பது உணர்வை அன்று, உணர்வின் மெய்ப்பாட்டையே.

பாதாள லிங்கத்தில் ஓர் இளைஞர்

இவ்வேறுபாட்டை விளக்க நம் ஊரிலேயே சான்று உண்டு. பின்னாளில் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்ற வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று, தம் பதினாறாம் வயதில், திருவண்ணாமலையை அடைந்தார். அருணாசலேசுவரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கத்தில் அசைவற்று அமர்ந்திருந்தார். பூச்சிகள் கடித்துத் தொடையில் புண்கள் உண்டாயின. அன்பர்கள் அவரை வெளியே தூக்கி வந்தபொழுதும் அவர் விழிக்கவில்லை என அவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்நிலையில் ஒரு மருத்துவர் மதிப்பெண் இட்டிருப்பின், அது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால், சில ஆண்டுகளுக்குப்பின் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு அவர் மௌனத்திலிருந்தவாறே எழுதிக் காட்டிய தெளிந்த விடைகள் 'நான் யார்?' என்னும் நூலுக்கு அடிப்படையாயின. நம் சமயம் எதுவாயினும், இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா பொதுவானது: புறத்தே அடையாளம் இல்லையெனின், அகத்தே உணர்வும் இல்லை எனத் துணியலாமா?

கருவி கண்டவை

இவ்வினாவைக் கருவிகொண்டு ஆராயும் முயற்சியும் நம் நாட்டில் நடைபெற்றது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். தியானத்தில் ஆழ்ந்திருந்தோரின் ஆல்பா அலைகளை ஒளியும் பேரொலியும் கலைக்கவில்லை. குளிர்நீரில் நெடுநேரம் கை வைத்திருந்த யோகியரிடமும் அவ்வலைகள் நீடித்தன. அலையைத் தாளில் வரைய முடிந்தது. அவர்கள் உணர்ந்தது யாது என்பதை வரைய முடியவில்லை.

2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். சாலை விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு, மறுமொழி ஏதுமின்றிக் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு கூறினர். ஸ்கேன் கருவியில் அவரது மூளை, நலமுள்ளவர் மூளையைப் போன்றே இயங்கியது. உடல் உரைக்காததை மூளை உரைத்தது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்குப் புறத்தே மறுமொழி காட்டாத 241 பேருள் 60 பேரின் மூளை அக்கட்டளையைப் பின்பற்றியமை தெரிந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர்!

எஞ்சிய மூவரைப்பற்றி யாது கூறுவது? நலமுள்ளவர் சிலரிடமும் இச்சோதனை விடை தருவதில்லை. ஆதலின், விடையின்மை உணர்வின்மைக்கு உறுதியான சான்றாகாது. உணர்வு உண்டு என்பதற்கும் சான்றாகாது. மூளையின் இயக்கமும் ஒருவகை மெய்ப்பாடே. அவ்வியக்கத்திலிருந்து உணர்வு எவ்வாறு பிறக்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் இப்புதிர் விடுபடும் என 1998இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்சுடன் பந்தயம் கட்டிய மூளையியல் அறிஞர் கிறிஸ்டோஃப் காக், 2023இல் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

முடிவுரை

கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரும் ஆற்றல் உடையோர்க்கன்றிப் பிறர்க்கு மெய்ப்பாடு விளங்காது எனத் தொல்காப்பியர் அவ்வியலை முடிக்கின்றார். காண்பவன் கூர்மையும் அளவையின் ஒரு பகுதி என்பது இதனால் பெறப்படும். கருவிகள் அக்கூர்மையை வளர்க்கின்றன. அளத்தற்கரியதை அளந்துவிட்டதாக எண்ணும் செருக்கை அவை நமக்குத் தரலாகாது.

மாணவச் செல்வங்களே! நினைவிழந்தவர் எனப்படும் ஒருவரின் படுக்கையருகே நிற்க நேரின், அவரைப் பெயர் சொல்லி, முறை சொல்லி அழையுங்கள். அவர் அங்கே இல்லாதவர்போல அவரைப்பற்றிப் பேசாதீர்கள். ஒருமுறை கண்ட மதிப்பெண்ணே முடிவு எனக் கொள்ளாது, மீண்டும் சோதித்தறியுமாறு மருத்துவரைப் பணிவுடன் வேண்டுங்கள். அவர் கேட்கின்றாரா என நாம் அறியோம். கேட்கவில்லை என்றும் அறியோம். அவ்வறியாமைக்கு உரிய மரியாதையை அவருக்குச் செலுத்துவோமாக.