கேமராவை எந்த உயரத்தில் வைப்பது?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் எவருக்கும் முதலில் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: கீழிருந்து எடுத்தால் ஆள் வலிமையானவன், மேலிருந்து எடுத்தால் ஒடுங்கியவன். இது பாதி உண்மை. சிறு வயதில் பெரியவர்களை எல்லோரும் அண்ணாந்தே பார்த்திருக்கிறோம், அந்தப் பழக்கம் நம் கண்ணில் இன்னும் இருக்கிறது. ஆனால் கோணம் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. படத்தின் வழக்கமான உயரத்திலிருந்து விலகும்போதும் கதையில் நடப்பதோடு உரசும்போதும்தான் அது பேசுகிறது. மலேசியாவின் ரவாங்கில் கையில் கைப்பேசி மட்டும் இருப்பவர்களும் பழைய படங்களிலிருந்து இதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஒரு படத்தைச் சத்தமில்லாமல் பார்ப்பது. ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) இதற்கு மிகப் பொருத்தம். அதில் பாட்டே கிடையாது. சுட்டுக் கொல்லப்பட்ட ரேடியோ பொறியாளர் ராஜனைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சிவாஜி கணேசன் ஏற்ற அந்த ஒரே மனிதனை ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறு வேறு பார்வையில் காண்கிறோம். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா கண்மட்டத்தில் இருக்கிறதா, இடுப்பளவில் இருக்கிறதா, தலைக்கு மேலே இருக்கிறதா என்று எழுதுங்கள். படத்தின் இயல்பான உயரம் எது என்று தெரிந்த பிறகே விலகல்கள் கண்ணில் படும். யாருடைய வாக்குமூலத்தில் அவை வருகின்றன என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்கும்போது உயரத்தையும் சாய்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) கேமரா பெரும்பாலும் மிகத் தாழ்வாக இருக்கிறது. ஆனாலும் அதில் யாரும் ராட்சசர்களாகத் தெரிவதில்லை. பாயில் உட்கார்ந்து வாழும் வீட்டுக்குள் அந்த உயரம் இயல்பானது, லென்ஸும் அண்ணாந்து நிமிர்வதில்லை. அடுத்து, பார்ப்பது யார் என்று கேளுங்கள். ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் குடிமயக்கம் தெளியாமல் படுத்திருக்கும் அலிசியாவின் கண்ணுக்கு, நடந்துவரும் டெவ்லின் சாய்ந்து, பிறகு தலைகீழாகவே தெரிகிறான். அந்தக் கோணம் அவன் குணத்தைச் சொல்வதோடு அவள் நிலையையும் சொல்கிறது.

இதற்கெல்லாம் மேலான பாடம் ‘சிட்டிசன் கேன்’ (1941). தேர்தலில் தோற்ற இரவில் கேனும் அவன் நண்பன் லீலண்டும் மோதிக்கொள்ளும் காட்சியை எடுக்க, ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் தளத்தின் தரையையே வெட்டிக் கேமராவை இறக்கினார்கள். கேன் கூரையை முட்டும் அளவுக்கு ஓங்கி நிற்கிறான். ஆனால் அது அவன் தோற்ற நேரம். பாடப்புத்தக விதிப்படி இது தவறான கோணம். உருவம் பெரிதாகத் தெரியத் தெரியத்தான் அவன் தனிமை உறைக்கிறது, பாரம் முழுவதும் அவன் தோளில் இறங்கியதைப் போல. அப்படியானால் விதியே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அண்ணாந்து பார்த்தால் வலிமை என்ற எதிர்பார்ப்பு பார்வையாளரிடம் ஏற்கெனவே இருப்பதால்தான் அதற்கு எதிரான நிகழ்ச்சி இவ்வளவு வலிக்கிறது. பழைய இயக்குநர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்களா, விமர்சகர்கள் ஏற்றிச் சொல்வதில்லையா என்றும் சிலர் கேட்பார்கள். அந்தக் கால ஸ்டூடியோ கேமராக்கள் கனமானவை. ஒவ்வொரு தடவை உயரத்தை மாற்றவும் ஆளும் நேரமும் தேவைப்பட்டன. தரையை வெட்டும் வேலையைத் தற்செயலாக யாரும் செய்வதில்லை.

இனிப் படமெடுங்கள். அடுக்குமாடி வீட்டின் வாசலில் வாடகை கேட்டு வந்தவர், கதவைத் திறந்த குடித்தனக்காரர், இவ்வளவு போதும். முழுக் காட்சியையும் முதலில் கண்மட்டத்தில் எடுங்கள். பிறகு பேச்சில் யார் கை ஓங்குகிறதோ அந்த ஒரு வரிக்கு மட்டும் கேமராவை இறக்குங்கள். வரிக்கு வரி மாற்றினால் எதுவும் விலகலாகத் தெரியாது. கைப்பேசியை முகத்துக்கு அருகில் தாழ்வாகப் பிடித்தால் அகல லென்ஸ் தாடையையும் மூக்கையும் வீங்கவைத்துவிடும். இரண்டடி பின்வாங்கி இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். தாழ்ந்த கோணத்தில் மேற்கூரை, விசிறி, குழல்விளக்கு எல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிடும். ‘சிட்டிசன் கேன்’ குழு துணியால் கூரை அமைத்து, மைக்கை அதற்கு மேலே மறைத்தது. நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தை நம்பலாம். வெளியே எடுக்கும்போது பின்னணியைக் கவனியுங்கள். பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி அண்ணாந்து எடுத்தால் உயர்வது சிலைதான், அவர் சிறுத்துப்போவார். வெட்டி ஒட்டியதும் சத்தத்தை அணைத்துப் பாருங்கள். யார் கை எப்போது ஓங்கியது என்று கதை தெரியாத ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வேறு வரியைக் காட்டினால் அந்த ஷாட்டை மட்டும் மறுபடி எடுங்கள்.