காளிதாசன் காட்டும் மன்னன்

அரசனது சோற்றை உண்ட கவிஞன் அவனைப் புகழாமல் வேறென்ன செய்வான்? காளிதாசனைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் இதுதான். வடமொழி பயிலும் என் அறைத் தோழரோடு இது குறித்து வாதிட்டேன். அதன் பயனாக, இரகுவம்சத்தின் 19 சருக்கங்களையும் அவர் துணைகொண்டு படிக்க நேர்ந்தது. பௌதிக மாணவனுக்கு இஃது எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்தனர். அவர்களுக்கு விடையாகவே இதனை எழுதுகிறேன்.

முதற் சருக்கத்தில் வருபவன் திலீபன். அவன் வரி வாங்குவதைக் கதிரவன் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு மழையாகத் தருவதோடு ஒப்பிடுகிறான் காளிதாசன். என் மனம் இங்கே இடறிற்று. ஆவியாகி மேலே சென்ற நீருக்கு மேல் ஒரு துளியும் கீழே வாராதே! பிறகு சிறிது நின்று எண்ணினேன். கடலிலிருந்து சென்ற உவர்நீர் நன்னீராகத் திரும்புகிறது. எவர் தாகத்துக்கும் உதவாத இடத்தில் எடுத்தது, பயிர் வாடும் இடத்தில் விழுகிறது. அளவு பெருகவில்லை, பயன் பெருகுகிறது. வரிக்கு இதனினும் நல்ல இலக்கணம் நான் அறியேன். (நம் விடுதி உணவுக் கட்டணம் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டதன்று!)

திலீபன் மகன் இரகு, வேள்வியொன்றில் உள்ளதெல்லாம் ஈந்துவிட்டு, விருந்தினனை மண்பாண்டத்தோடு வரவேற்கிறான். வந்த கௌத்சனுக்கோ ஆசானுக்குக் காணிக்கையாக 14 கோடி பொன் வேண்டும். குபேரன் பொன்மழை பொழிகிறான். முழுவதையும் கொள்க என்கிறான் இரகு. கேட்டதற்கு மேல் வேண்டா என்கிறான் கௌத்சன்.

அழகுதான், ஆனால் இதுவும் புகழ்ச்சிதானே? என் ஐயத்தை அசைத்தது 14ஆம் சருக்கம். குற்றமற்றவள் என்று அறிந்தும், ஊரார் பழிக்கு அஞ்சி, கருவுற்ற சீதையைக் காட்டில் விடச் செய்கிறான் இராமன். இலக்குவனிடம் செய்தி சொல்லி அனுப்பும் சீதை, அவனைக் கணவன் என்னாது அரசன் என்றே குறிக்கிறாள். அவளுக்கு அடைக்கலம் தரும் வான்மீகி முனிவரும் இராமன்மேல் தமக்குச் சினம் உண்டு என்கிறார். நல்லரசன் என்ற பெயருக்குரிய விலையைக் கொடுத்தவள் சீதை. கவிஞன் அதை மறைக்கவில்லை. குடிகளுக்காக இராமன் தன் இன்பத்தையே துறந்தான் என்பது தோழர் கட்சி. எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை.

கடைசி மன்னன் அக்கினிவருணன், நாட்டை அமைச்சரிடம் விட்டு அந்தப்புரத்தில் கிடந்தவன். குடிகள் அவனைக் காண வந்து நின்றால், அமைச்சர் வேண்டுகோளுக்கு இணங்கிப் பலகணி வழியே ஒரு பாதத்தை மட்டும் நீட்டுவான். அவர்கள் அதனை வணங்கிச் செல்வர். நோயுற்று இறந்தவனை அரண்மனைத் தோட்டத்திலேயே மறைவாக எரிக்கின்றனர். கருவுற்ற அரசி அரியணை ஏற, காவியம் நின்றுவிடுகிறது.

புகழ்ந்து பிழைக்க மட்டுமே எழுதியவன் அந்தப் பாதத்தை எழுதியிருக்க மாட்டான் என்று தோழரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பேசாமல் சாகுந்தலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.