மனம் சாய்வதற்கு முன் எழுத வேண்டியவை

ஒருவர் மேல் ஈர்ப்பு வந்த பிறகு ‘எனக்கு எப்படிப்பட்ட துணை வேண்டும்’ என்று யோசித்தால், பதிலில் அவர் முகம்தான் வந்து நிற்கும். அதனால் மனதில் யாரும் இல்லாத நாளிலேயே பேனாவை எடுங்கள்.

குணங்களை எழுத வேண்டாம். ‘அன்பானவர், நல்லவர்’ என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பிந்தைய ஒரு சாதாரண வாரநாளை எழுதுங்கள். இருவரும் வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். யார் சமைக்கிறார்கள்? உங்கள் சம்பளம் யார் கணக்கில் இருக்கிறது? அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்க நினைத்தால், யாரைக் கேட்க வேண்டும்? வெளியூரில் உங்களுக்கு நல்ல வேலை கிடைத்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? குழந்தை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது? இதை நிதானமாக எழுதுங்கள். உங்களுக்கே தெரியாத விருப்பங்கள் இங்கேதான் வெளிப்படும்.

அடுத்து, ஒவ்வொரு வரியும் யாருடைய ஆசை என்று பாருங்கள். நிறம், உயரம், வெளிநாட்டு வேலை எல்லாம் பெரும்பாலும் சொந்தபந்தத்தின் முன் காட்டுவதற்குத்தான். அடித்துவிடுங்கள். விட்டுக்கொடுக்கவே முடியாத மூன்று நான்கு போதும்.

அமெரிக்க உளவியலாளர்கள் பால் ஈஸ்ட்விக்கும் ஈலை ஃபிங்கெலும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், துணையிடம் எதிர்பார்ப்பதாக மாணவர்கள் முன்கூட்டிச் சொன்னதை வைத்து, நேரில் யாரைப் பிடிக்கும் என்று கணிக்க முடியவில்லை. எனவே யார் மேல் மனம் போகும் என்பது உங்கள் தாளுக்குக் கட்டுப்படாது. போன மனம் அங்கேயே தங்கலாமா என்று கேட்கத்தான் அந்தத் தாள்.

பிடித்தவரோடு பழகத் தொடங்கியதும் அந்த மூன்று நான்கையும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பதிலைவிட நடத்தை முக்கியம். நீங்கள் ‘முடியாது’ என்றதும் அவர் முகம் எப்படி மாறுகிறது? ஹோட்டலில் சர்வரிடம் எப்படிப் பேசுகிறார்? சாதியோ மதமோ வேறென்றால், வீட்டில் எப்போது சொல்வார் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய, 30 நாள் முன்னறிவிப்பு திருமணப் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அந்த 30 நாளும் உறுதியாக நிற்பவரா என்பது இப்போதே தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று அவரிடம் இல்லை என்று தெரிந்தால், கல்யாணமானால் மாறிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மரியாதையாகச் சொல்லி விலகிவிடுங்கள்.