யார் வழியில் வந்தது?

சர்க்கரை நோய் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? ஐம்பது வயது மாமா வருகிறார். அறுபது வயது பாட்டி வருகிறார். காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பார்கள். மாத்திரை போடுவார்கள். குழந்தைக்கும் இந்த நோய் வரும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனால் வருகிறது. மூன்று வயதிலும் வருகிறது. பத்து வயதிலும் வருகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவதை முதல் வகை என்கிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். நோய் வேறு.

தில்லியில் திரிலோக்புரி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறாள். மகளுக்கு எட்டு வயது. ஒரு மாதமாக அவளுக்கு அடங்காத தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி சிறுநீர் கழித்தாள். படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்டவள், மறுபடி நனைத்தாள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போனாள். "வெயில் காலம், அதுதான்" என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு நாள் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது. மூச்சில் பழ வாசனை அடித்தது. மயங்கி விழுந்தாள்.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். இன்சுலின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது.

"எங்க பரம்பரையிலே யாருக்கும் இது கிடையாது. உன் வழியிலே வந்ததுதான்" என்றார் மாமியார். "மாசமா இருந்தப்போ இனிப்பு இனிப்பாத் தின்னே. இப்போ பிள்ளை அனுபவிக்குது."

மருமகள் அழுதாள். கணவர் வாயே திறக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பல கணவர்கள் வாய் திறப்பதில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமியாரும் கூடப் போனார். அவரே நர்ஸிடம் கேட்டார்.

"சிஸ்டர், இது யார் வழியிலே வந்த நோய்?"

"சொல்றேன் பாட்டி, உட்காருங்க" என்றார் நர்ஸ்.

அவர் சொன்னது இதுதான்.

நம் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடம்பின் செல்களுக்குள் போக வேண்டும். கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். சாவி இல்லாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். உடம்போ பட்டினி கிடக்கும்.

நம் ரத்தத்தில் காவல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் வெள்ளை அணுக்கள். வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடித்து விரட்டுவது அவர்கள் வேலை. முதல் வகைச் சர்க்கரை நோயில் இந்தக் காவல்காரர்கள் ஆள் மாறி அடிக்கிறார்கள். இன்சுலின் சுரக்கும் செல்களைத் திருடன் என்று நினைத்து அழிக்கிறார்கள். இது ஒரே நாளில் நடப்பதல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிறது. பெரும்பகுதி அழிந்த பிறகுதான் தாகமும் இளைப்பும் வெளியே தெரிகின்றன.

"காவல்காரனுக்கு ஏன் ஆள் தெரியாமப் போச்சு?" என்று மாமியார் கேட்டார். கெட்டிக்காரர்தான்.

இங்கேதான் மரபணு வருகிறது. நம் உடம்பு எப்படி அமைய வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஒவ்வொருவர் உடம்பிலும் எழுதி இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒரு பகுதிக்கு மரபணு என்று பெயர். மரபணுக்களில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. அவற்றில் எச்.எல்.ஏ. என்று ஒரு கூட்டம் உண்டு. 'இது நம்ம ஆள், இது வெளி ஆள்' என்று காவல்காரர்களுக்கு அடையாளம் காட்ட உதவுவது இந்தக் கூட்டம். இதில் பல வகைகள் இருக்கின்றன. டிஆர்3, டிஆர்4 என்ற வகைகள் உள்ளவர்களிடம் இந்த ஆள் மாறாட்டம் நடக்கும் வாய்ப்பு கூடுதல்.

தில்லியில் எய்ம்ஸ் என்ற பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே நரீந்தர் மேரா என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவில் நோய் வந்த குழந்தைகளிடம் டிஆர்3, டிஆர்4 இரண்டுமே அதிகம். வட இந்தியக் குழந்தைகளிடம் முக்கியமாக இருந்தது டிஆர்3. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மரபணுக்கள் தெருவில் வீடுகள் போல வரிசையாக இருக்கின்றன. ஐரோப்பியரிடம் டிஆர்3-க்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரி அண்டை வீடுகள்தான். வட இந்தியரிடம் அண்டை வீடுகள் வேறு வேறாக இருந்தன. இது ஏன் முக்கியம்? வெள்ளைக்காரர் ரத்தத்தைப் பார்த்து எழுதிய கணக்கை நம் குழந்தைகள் மேல் அப்படியே போட முடியாது என்று இதனால் தெரிந்தது.

"அப்போ அந்த டிஆர்3 என் மருமக கொடுத்ததுதானே?"

"உங்க மகனும் கொடுத்திருக்கலாம் பாட்டி. ரெண்டு பேருமே கொடுத்திருக்கலாம். இந்த மரபணு இருக்கிற பெரியவங்க நிறையப் பேர் நோயே இல்லாம நல்லா இருக்காங்க. உங்ககிட்டேயே இருக்கலாம்."

மாமியார் திடுக்கிட்டார்.

நர்ஸ் சொன்னது விளையாட்டல்ல. முதல் வகை நோய் வந்த பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த நோய் இருப்பதில்லை. மேல்நாட்டுக் கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. அம்மாவுக்கு இந்த நோய் இருந்தால், நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வரலாம். அப்பாவுக்கு இருந்தால் ஆறு பேருக்கு வரலாம். நம் வீடுகளில் பழி விழுவது என்னவோ அம்மா மேல்தான்.

மாசமாக இருந்தபோது இனிப்புத் தின்றதால் இது வருவதில்லை. குழந்தை மிட்டாய் தின்றதாலும் வருவதில்லை.

மரபணு மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. சீலியாக் என்று ஒரு நோய் உண்டு. அதிலும் காவல்காரர்கள்தான் தவறு செய்கிறார்கள். கோதுமை சாப்பிட்டால் குடல் கெடும். எச்.எல்.ஏ. கூட்டத்து மரபணுக்கள்தான் அதற்கும் இடம் கொடுக்கின்றன. இதைப் பற்றிய ஓர் இந்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அந்த மரபணு வடக்கே நூறு பேரில் 38 பேருக்கு இருந்தது. தெற்கே 36 பேருக்கு இருந்தது. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நோய்? வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இருந்தது. தெற்கே பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. வடக்கே ஓர் ஆள் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். மரபணு விதை மாதிரி. மண்ணும் தண்ணீரும் கிடைத்தால்தான் முளைக்கும்.

சர்க்கரை நோய்க்குக் கோதுமை காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை முளைக்க வைப்பது எது என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடுகிறார்கள். சில வைரஸ் கிருமிகள் மேல் சந்தேகம் இருக்கிறது.

ஆனால் முதல் வகை நோய் உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சீலியாக் நோயும் சேர்ந்து வரும். தில்லிக்கு வந்து சப்பாத்திக்கு மாறிய நம் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். அடிக்கடி பேதி, வயிறு உப்பல், வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தைச் சோதிப்பார்கள். சோதிக்கும் முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

அம்மா அதுவரை பேசவில்லை. இப்போது கேட்டாள்.

"சின்னவன் ஒருத்தன் இருக்கான் சிஸ்டர். அவனுக்கும் வருமா?"

"நூறு பேருக்கு அண்ணனுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தா, அந்த நூறு பேர்ல அஞ்சு ஆறு பேருக்கு வரலாம். மத்தவங்களுக்கு வராது. பயந்துகிட்டே இருக்காதீங்க. ஆனா கண்ணு வைங்க. தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு இருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ஒரு சொட்டு ரத்தத்திலே பார்த்திடலாம்."

கடைசியாக மாமியார் மெதுவாக ஒன்று சொன்னார். ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் ஊசியே வேண்டாமாம்.

நர்ஸின் முகம் மாறியது.

"பாட்டி, மாத்திரையிலே இருக்கிற உங்க அண்ணன் வேற. இந்தப் பொண்ணு வேற. இவ உடம்பிலே இன்சுலின் சுரக்கிற செல்லே அழிஞ்சு போச்சு. ஊசியை நிறுத்தினா சில நாள்லே உயிருக்கே ஆபத்து. அன்னைக்கு மயங்கி விழுந்தாளே, அதுதான் மறுபடி வரும்."

1922-க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டில் டொராண்டோ நகரில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் முறையாக இன்சுலின் ஊசி போட்டார்கள். சாகக் கிடந்தவன் தேறினான். இன்று இன்சுலின் போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போகிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். இன்சுலின் பழக்கமாகிவிடும் போதை அல்ல. உடம்பு தானாகச் செய்ய முடியாததை ஊசி செய்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மாமியார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். "காலையிலே எத்தனை மணிக்கு ஊசி?" என்று மருமகளைக் கேட்டார்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவில் குழந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டா? அந்த வீட்டில் யாரைக் குறை சொன்னார்கள்?

வடக்கே 38, தெற்கே 36 என்ற எண்கள் எதைக் காட்டுகின்றன? 455 கிராம், 25 கிராம் என்பவை எதைக் காட்டுகின்றன?

ஒரு பிள்ளை திடீரென்று மறுபடி படுக்கையை நனைத்தால் என்ன செய்வீர்கள்?