மாந்தோப்புக் கொட்டகைக்கு இணையம்

கோவிந்தாபுரம், முதலமடைப் பக்கத் தோப்புகளில் கொட்டகை வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கும். வீட்டு வைஃபை அங்கே எட்டாது. கொட்டகையில் ரிப்பீட்டர் வைத்தும் பயனில்லை. பலவீனமாக வந்த அலையைத்தானே அது திருப்பித் தரும்? நடுவே மாமரங்கள் நின்றால் ஆன்டெனாவையும் நம்ப இயலாது.

கேபிள்தான் வழி. செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை போதும் என்பார்கள். ஆனால் ஐப்பசி இடியின்போது இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். அது கேபிள் வழியே பாய்ந்து இருபுறக் கருவிகளையும் கருக்கிவிடும், தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. கண்ணாடியிழையில் மின்சாரம் ஓடாது. 25,000 வோல்ட் ரயில் பாதையோரம் செம்புக் கேபிளுக்குள்ள மின்தூண்டல் தொல்லையும் இதற்கு இல்லை.

கடையில் உலோகக் கவசமோ உள்ளே எஃகுக் கம்பியோ இல்லாத கேபிளாகக் கேளுங்கள். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர், கொட்டகையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். எலி கடிக்காதிருக்கக் குழாய்க்குள் இட்டுப் புதையுங்கள்.