தொலைபேசியில் வரும் 'கைது': தனிமையே மோசடிக்காரரின் கருவி

வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி ஆகியவை பற்றி நாங்கள் அறிவுரை கூறுவது வழக்கம். இம்முறை கைப்பேசி வழியே வீட்டிற்குள் நுழையும் ஓர் ஆபத்தைப் பற்றிக் கூற வேண்டியுள்ளது. காவல்துறையினர் போல் நடித்துப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியே அது. இதயநோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரின் உடல்நலத்தையும் அது குலைக்கக்கூடியது.

எவ்வாறு நிகழ்கிறது?

"உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் உள்ளது" என்றோ, "உங்கள் ஆதாரைக் கொண்டு தொடங்கிய கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியுள்ளது" என்றோ அழைப்பு தொடங்கும். பின்னர் காணொளி அழைப்பிற்கு வருமாறு கூறுவர். திரையில் சீருடையும் முத்திரையிட்ட ஆணையும் தோன்றும். கதவைத் தாழிட வேண்டும், எவரிடமும் பேசக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று மிரட்டுவர். இறுதியில், சரிபார்த்துத் திருப்பித் தருவதாகக் கூறிப் பணத்தை அனுப்பச் சொல்வர்.

விவரமறிந்தோரும் ஏமாறுவது ஏன்?

பஞ்சாப் மாநிலம் லூதியானாவைச் சேர்ந்த வர்த்தமான் குழுமம், நாட்டின் பெரிய நூல் உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்று. அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 2024 ஆகஸ்டில் இம்மோசடியில் 7 கோடி ரூபாய் இழந்தார். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று கூறிக்கொண்டோர், போலியான உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே காணொளியில் நடத்திக் காட்டினர். உறங்கும்போதும் காமிராவின் முன்னே இருக்கச் செய்தனர். அவர் புகார் அளித்தபின், 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது. பெருந்தொழில் நடத்திய அனுபவம்கூட அவரைக் காக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இதற்கான விளக்கத்தை, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியலாளர் நடத்திய ஆய்வு தருகிறது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு ஆய்வாளர் ஆணையிட்டார். மின்சாரம் உண்மையில் பாயவில்லை. பங்கேற்றோர் அதனை அறியார். முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் இறுதிவரை கீழ்ப்படிந்தனர். ஆணையிட்டவர் நேரில் இல்லாமல் தொலைபேசியில் பேசியபோது, கீழ்ப்படிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தனர். உடன் அமர்ந்திருந்த இருவர் மறுத்து எழுந்தபோதோ, 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர். மோசடிக்காரர் காணொளியை வற்புறுத்துவதும், வீட்டாரை விலக்கி வைப்பதும் எதற்காக என்பது இதனால் விளங்கும்.

உடலில் நிகழ்வது என்ன?

அச்சம் எழுந்தவுடன் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் பெருகுகின்றன. இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை மூன்றும் உயர்கின்றன. ஆராய்ந்து முடிவெடுக்கும் மூளைப்பகுதியின் செயல்திறன் குறைகிறது. உறக்கமும் உணவும் மாத்திரையும் தவறினால் நிலைமை மேலும் மோசமாகிறது. 2025 செப்டம்பரில் ஐதராபாத்தில் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், சில நாள்கள் இவ்வாறு மிரட்டப்பட்டு, பணத்தை இழந்து, மாரடைப்பால் உயிரிழந்தார். மருத்துவ அறிவு உடையோருக்கும் இந்நிலை நேர்ந்துள்ளது.

சட்டம் கூறுவது

காணொளி வழியே ஒருவரைக் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். வீட்டாருக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையும் கைதானவருக்கு உண்டு. சட்டம் இரண்டாம் நபரை உள்ளே அழைக்கிறது. மோசடியோ அவரை வெளியே நிறுத்துகிறது. எனவே, "யாரிடமும் சொல்லாதே" என்னும் சொல் ஒன்றே பொய்யை அறியப் போதுமானது.

செய்ய வேண்டியவை

1. அழைப்பை உடனே துண்டியுங்கள். துண்டிப்பது குற்றமன்று.
2. அருகில் உள்ளவரை அழைத்து நடந்ததைக் கூறுங்கள். எவரும் இல்லையெனில் கதவைத் திறந்து பக்கத்து வீட்டிற்குச் செல்லுங்கள்.
3. ஐயம் இருப்பின் வீரபாண்டி காவல் நிலையத்திற்கோ உங்கள் பகுதிக் காவல் நிலையத்திற்கோ துணையுடன் நேரில் சென்று கேளுங்கள்.
4. பணம் அனுப்பியிருந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் புகார் அளியுங்கள். விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு உண்டு.
5. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் முதலில் 108-ஐ அழையுங்கள். புகார் பின்னர் ஆகட்டும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

நம் பகுதியில் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குச் சென்றபின், முதியோர் பகல் முழுவதும் தனித்திருப்பது இயல்பு. மதியம் ஒருமுறை அவர்களிடம் பேசும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். மாத்திரை உண்டார்களா என்று கேட்கும்போதே, புதிய அழைப்பு ஏதும் வந்ததா என்றும் கேளுங்கள். அறைக்கதவு நெடுநேரம் மூடியிருத்தல், மெல்லிய குரலில் பேசுதல், உணவை மறுத்தல், வைப்புத்தொகையை உடைக்க அவசரப்படுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

ஏமாந்தவரை ஒருபோதும் கடிந்துகொள்ளாதீர்கள். "இவ்வளவு தெரியாதா?" என்று கேட்டால், அடுத்தமுறை அவர் நம்மிடம் கூறவே அஞ்சுவார். குற்றவுணர்வும் உறக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இதனை எங்களிடம் கூறத் தயங்க வேண்டாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் திடீரென உயர்ந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.