துணி தேய்ப்பதற்கு ஏற்ற ஜலம் எது?



கம்மாபுரம் வட்டாரத்தில், தவணை தவறிய கடன்களை விசாரிக்கும் பொருட்டுச் சென்ற ஒரு நாளில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்கு எழுதத் துணிகிறேன். இது சலவைத் தொழிலாளருக்கு மட்டும் உரிய விஷயமென்று எண்ணி ஏட்டை மூடிவிட வேண்டாம். இஸ்திரிப் பெட்டி இன்று பல வீடுகளிலும் உண்டு. ஆகையால் இது யாவருக்கும் உபயோகப்படும்.

தவணை தவறியதன் காரணம்

சலவைத் தொழில் செய்து குடும்பத்தை நடத்தும் ஓர் அம்மையார், கடன் பெற்று, மின்சாரத்தால் இயங்கும் நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். முதல் நான்கு தவணைகளை நாள் தவறாமல் கட்டினார். அடுத்த மூன்று நின்றுபோயின. பெட்டி பழுதாகிவிட்டதென்று காரணம் சொல்லப்பட்டது. புதுப் பெட்டி சில மாதங்களில் பழுதாவானேன் என்று எண்ணி, நான் அவரைப் பாராமலே என் குறிப்பேட்டில் "அஜாக்கிரதை" என்று எழுதிவிட்டேன்.

பிறகு அவர் அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் முன் வைத்தார். அடித்தகட்டில் ஆவி வரும் துவாரங்கள் பல, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து அடைபட்டிருந்தன. அடைபடாத துவாரங்களின் வழியே பழுப்பு நிறமான ஜலம் தெறித்து, வாடிக்கைக்காரர் ஒருவரின் கல்யாண வேஷ்டியைக் கறைப்படுத்திவிட்டதாம். அந்த வேஷ்டியின் விலையைத் தம் கையிலிருந்து கொடுத்ததனாலேயே தவணை நின்றது.

"ஐயா, நான் ஒரு நாளும் இதில் கெட்ட ஜலம் ஊற்றினதில்லை. என் பிள்ளைகள் குடிக்கிற ஜலத்தையே ஊற்றினேன்" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையிலேயே பிழையும் அடங்கியிருந்தது. குடிக்க நல்ல ஜலம் துணி தேய்க்கவும் நல்லதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடன் கொடுத்த நாமும் சொல்லவில்லை. நான் எழுதிய வார்த்தையை அடித்துவிட்டேன்.

ஜலமும் சூடும் துணியில் செய்யும் வேலை

பருத்தி இழை ஈரத்தை விரும்பி உறிஞ்சுவது. ஈரம் உட்புகுந்ததும், இழையினுள் உள்ள நுண்ணிய பிணைப்புகள் தளர்ந்து கொடுக்கின்றன. அந்நிலையில் சூடும் பாரமும் சேர்ந்து சுருக்கத்தை நிமிர்த்துகின்றன. ஈரம் ஆவியாகி நீங்கியதும், நிமிர்ந்த நிலையிலேயே பிணைப்புகள் மறுபடியும் இறுகுகின்றன. ஆகவே வேலையைச் செய்வது பெட்டி மட்டுமன்று. ஜலமும் ஒரு கருவியே.

ஆனால் ஆவியாகிப் போவது ஜலம் மாத்திரமே. அதில் கரைந்திருந்த பொருள்கள் போவதில்லை. துணியிலோ பெட்டியின் உள்ளேயோ தங்கிவிடுகின்றன. இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்: ஜலம் போன பின் மிச்சம் நிற்பது எது என்று பார்த்தே ஜலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை நம் பக்கத்து ஜனங்களுக்கு விளக்குவது எளிது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெண்களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது. களிமண்ணில் இரும்பின் அம்சம் கலந்திருந்தால், பச்சை மண்ணாக இருக்கும்போது கண்ணுக்குப் புலப்படாமற்போனாலும், சூளையில் வெந்தபின் சாமானின் வெண்மை கெட்டுவிடும் என்பதைப் பீங்கான் செய்வோர் அறிவர். மண்ணின் குற்றத்தைத் தீ காட்டிக்கொடுக்கிறது. அவ்வாறே ஜலத்தின் குற்றத்தை இஸ்திரிப் பெட்டி காட்டிக்கொடுக்கிறது.

ஜலத்தில் கரைந்திருப்பவை

*சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும்.* இவை மிகுந்த ஜலத்தைக் கடின ஜலம் என்பர். இதில் சோப்பு நுரைக்காது. கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையதென்றும், வேறு ஜலம் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. ஆக, குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட ஜலமே இஸ்திரிப் பெட்டிக்குச் சத்துருவாகலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஜலத்தை நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் ஆவியாக்கினால், தினம் 600 மில்லிகிராம் பொருக்கு உண்டாகும். 30 நாட்களில் 18 கிராம். இதில் ஒரு பகுதி மட்டும் உள்ளே தங்கினாலும், ஊசித் துவாரம் போன்ற ஆவி வழிகள் எத்தனை நாள் தாங்கும்?

*இரும்பு.* இறைத்தவுடன் தெளிவாக இருந்து, சற்று நேரம் வைத்தபின் செந்நிற வண்டல் படிந்தால் ஜலத்தில் இரும்பு உண்டு. வெள்ளைத் துணிக்கு இதுவே முதற் பகை. சூடு பட்டதும் துருக்கறை தோன்றும்.

*உப்பு.* வாயில் கரிக்கும் ஜலத்தைத் தெளித்துத் தேய்த்தால், கறுப்பு, நீலம் முதலிய அடர்ந்த நிறத் துணிகளில் வெள்ளை வளையங்கள் நிற்கும். உலோகமும் விரைவில் அரிக்கப்படும்.

மூன்று பரீட்சைகள்

பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிணறுகளிலேயே ஜலம் வேறுபடும். ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்திற்கேற்பவும் மாறும். ஆதலால், பிறர் சொல்லை நம்பாமல் அவரவர் ஜலத்தை அவரவரே பரீட்சிப்பது நலம்.

1. *சோப்புப் பரீட்சை.* ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குப்பிகளில், ஒன்றில் மழை ஜலமும் மற்றொன்றில் கிணற்று ஜலமும் பாதியளவு ஊற்றவும். சாதாரணச் சலவை சோப்பைக் கரைத்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையான சொட்டுகள் விட்டுக் குலுக்கவும். நுரை நிற்காமல் திரிதிரியாகத் திரிந்தால் அது கடின ஜலம். சலவைப் பவுடரைக் கொண்டு இப்பரீட்சை செய்யலாகாது. அது கடின ஜலத்திலும் நுரைத்து நம்மை ஏமாற்றும்.

2. *வற்றவைக்கும் பரீட்சை.* சுத்தமான எவர்சில்வர்க் கரண்டியில் ஜலம் விட்டு, இளஞ்சூட்டில் வற்றவைக்கவும். மிச்சம் நிற்கும் வெள்ளைத் தூள் எவ்வளவோ, அவ்வளவும் உங்கள் துணிக்கோ பெட்டிக்கோ போகிறது என்று கொள்க.

3. *வெள்ளைத் துணிப் பரீட்சை.* வெள்ளைப் பருத்தித் துண்டின் ஒரே இடத்தில் ஜலத்தைத் தெளித்துத் தேய்க்கவும். இவ்வாறு ஐந்தாறு தரம் செய்தபின் பழுப்புக் கறை தோன்றினால் அந்த ஜலத்தை வெள்ளைத் துணிக்கு உபயோகிக்கலாகாது.

திட்டமான அளவு தெரிய விரும்புவோர், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

எந்த ஜலம் எதற்கு?

*மழை ஜலம்.* செலவில்லாமல் கிடைப்பவற்றுள் இதுவே உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை ஓடவிட்டு, கூரை கழுவப்பட்டபின் விழும் ஜலத்தைப் பிடிக்கவேண்டும். துருப்பிடித்த தகரக் கூரையின் ஜலமும், புதிதாகச் சிமெண்டு பூசிய தளத்தின் ஜலமும் ஆகா. கெட்டித் துணியில் வடிகட்டி, வெளிச்சம் புகாத மூடிய பாத்திரத்தில் வைத்தால் பாசியும் கொசுவும் அண்டா. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பூமிக்குள் விடும் அந்த ஜலத்தில் இரண்டு குடம் இஸ்திரிக்கென்று நிறுத்திக்கொள்வதில் சிரமமில்லை.

*காய்ச்சி ஆறிய ஜலம்.* கடினத்தன்மையில் ஒரு வகை, கொதித்தால் பொருக்காகப் படிந்து நீங்கும். மற்றொரு வகை நீங்காது. ஆகவே பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேல் ஜலத்தை இறுத்து, மறுபடியும் சோப்புப் பரீட்சை செய்து பார்த்தே உபயோகிக்கவேண்டும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்குமேயன்றிக் கடினத்தை நீக்காது. இரும்புள்ள ஜலத்தை உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை ஆற்றி, இரவு முழுதும் தெளியவிட்டு வடிகட்டினால், இரும்பில் பெரும்பகுதி வண்டலாக நீங்கும்.

*சுத்திகரித்த ஜலம்.* எதிர் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரித்த ஜலத்தில் உப்புக்கள் குறைவு, தேய்ப்பதற்கு ஏற்றது. ஒளிக்கதிரால் கிருமிகளை மட்டும் கொல்லும் கருவியின் ஜலத்தில் உப்பு அப்படியே இருக்கும், அதனால் பயனில்லை.

*வாலை ஜலம்.* பாட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கப்படும் இதில் உப்பு இராது. இதைத் தனியே ஊற்றலாமா, பாதிக்குப் பாதி குழாய் ஜலத்துடன் கலக்கவேண்டுமா என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்; பெட்டியுடன் வரும் புஸ்தகத்தில் உள்ளபடி செய்க. பாட்டரி அமிலம் வேறு, பாட்டரி ஜலம் வேறு. மூடி உடைந்த குப்பியை வாங்காதீர்கள்.

கரிப்பெட்டி உபயோகிப்போருக்கு அடைபடும் துவாரம் இல்லை. ஆயினும் தெளிக்கும் ஜலத்தின் கறை அவர்களுக்கும் உண்டு. வாயில் ஜலத்தைக் கொண்டு துணியில் கொப்பளித்துத் தெளிக்கும் வழக்கம் சுகாதாரத்திற்கு விரோதமானது. துவாரமிட்ட மூடியுள்ள குப்பியே போதும்.

சில எச்சரிக்கைகள்

கஞ்சியையோ வாசனைத் திரவியத்தையோ நீராவிப் பெட்டிக்குள் ஊற்றலாகாது. வேலை முடிந்ததும் மிச்ச ஜலத்தைக் கொட்டிவிட வேண்டும்.

உவர்மண், ஸோடா, சோப்பு ஆகியவை அலசலில் முற்றும் நீங்காமல் துணியில் தங்கினால், சூட்டில் மஞ்சள் நிறம் காட்டும். அப்போது தேய்த்த ஜலத்தைக் குறை கூறிப் பயனில்லை. கடைசி அலசலைக் கவனிக்கவேண்டும்.

பட்டில் எவ்வளவு நல்ல ஜலத்தைத் தெளித்தாலும் துளித் தடம் விழக்கூடும். உட்புறத்தைத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்துத் தேய்ப்பதே முறை. துணியின் சீட்டில் இஸ்திரிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு இருந்தால் 150, மூன்று இருந்தால் 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு கூடாது.

வெள்ளைப் பருத்தியில் துருக்கறை விழுந்தால், எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பின்பு நன்றாக அலசவேண்டும். வெளுப்புத் தூள் போட்டால் துருக்கறை இன்னும் உறுதிப்படும்.

சங்கம் செய்யத்தக்கது

தொழிற் கருவிக்குக் கடன் கொடுப்பதோடு நம் கடமை முடிந்ததன்று. உழவு மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது தீவனம் உண்டா என்று கேட்கிறோம். இஸ்திரிப் பெட்டிக்குக் கடன் கொடுக்கும்போது ஜலம் எது என்று கேட்டோமா? கடன் வழங்கும் நாளில் மேற்சொன்ன மூன்று பரீட்சைகளையும் செய்துகாட்ட அரைமணி நேரம் போதும். சலவைத் தொழில் செய்யும் அங்கத்தினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு பெரிய பீப்பாயில் மழை ஜலம் பிடித்துப் பங்கிட்டுக்கொண்டால், அதுவும் கூட்டுறவே.

அந்த அம்மையாரின் பெட்டியைப் புஸ்தகத்தில் சொல்லியபடி சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, ஜலத்தோடு பலமுறை ஆட்டியதில் பொருக்கு உதிர்ந்து வழி திறந்தது. முதலில் கந்தைத் துணியில் தேய்த்துப் பார்த்த பின்னரே வாடிக்கைத் துணியைத் தொட்டார். இப்போது வீட்டுக் கூரையோரம் மூடிய பானை ஒன்று வைத்திருக்கிறார். நின்ற மூன்று தவணைகளில் இரண்டு வந்துவிட்டன. வேஷ்டிக்குக் கொடுத்த பணம் திரும்பப்போவதில்லை. அது நாம் முன்கூட்டிச் சொல்லாததற்காக அவர் கட்டிய அபராதம்.

மாதக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. உங்கள் ஊரில் எந்தக் கிணற்று ஜலத்தில் சோப்பு நன்றாக நுரைக்கிறது?
2. குடிக்க நல்ல ஜலம் பெட்டியைக் கெடுப்பது எப்படி?
3. ஒரு வருஷத்திற்குத் தேவையான இஸ்திரி ஜலத்தை மழையிலிருந்து சேமிக்க எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும்? கணக்கிடுக.